கயிலைக்கு எத்தனை இரவுகள்?

கயிலாய யாத்திரை போவதென்று முடிவு செய்தவர் முதலில் விசாரிப்பது செலவை. அடுத்தது விசா. அதற்கடுத்து, எந்த மாதம் குளிர் குறைவு என்பது. எத்தனை நாள் ஆகும் என்று கேட்பவரும் ஆபீசில் லீவு போடுவதற்காகத்தான் கேட்கிறார். கேட்கக்கூடாதது என்று இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் இத்தனைக்கும் விடை தெரிந்து, பணம் கட்டி, கம்பளி வாங்கி, மாலை மரியாதையோடு ரயிலேறியவர்கள் மானசரோவரக் கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. அவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. எந்த உயரத்தில் எத்தனை இரவு தூங்கப்போகிறோம்? அந்தப் பட்டியலைத்தான் நான் யாத்திரைத் திட்டம் என்பேன். மற்றதெல்லாம் அதோடு குத்திவைக்கும் இணைப்புத் தாள்கள். இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான்.

கயிலை மலையின் உயரம் 6,638 மீட்டர். அதில் யாரும் ஏறுவதில்லை, ஏறவும் கூடாது. எனவே அந்த எண் நமக்கு வெறும் தகவல். யாத்ரிகருக்கு வேண்டிய எண்கள் வேறு: மானசரோவரக் கரை சுமார் 4,590 மீட்டர், மலையைச் சுற்றிவரும் பரிக்ரமா தொடங்கும் டார்ச்சன் ஊரும் ஏறக்குறைய அதே உயரம், முதல் நாள் இரவு தங்கும் திராபுக் 4,900க்கு மேல், இரண்டாம் நாள் தாண்ட வேண்டிய டோல்மா லா கணவாய் 5,630. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். தொட்டபெட்டா உச்சியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மானசரோவரத் தண்ணீர் இன்னும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தலைக்கு மேலே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி ஏழாவது மலையை மூச்சு வாங்காமல் ஏறியவன் நான் என்பவர் கால்களைப் பழக்கியிருக்கிறார், நல்லது. இரத்தத்தைப் பழக்கும் உயரம் நம் மாநிலத்தில் எங்குமே இல்லை.

மேலே ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவிலும் 21 விழுக்காடு, மானசரோவரத்திலும் 21 விழுக்காடு. குறைவது காற்றின் அழுத்தம். ஏரிக்கரையில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காட்டுக்கும் கீழே. டோல்மா லாவில் பாதி. ஏரிக்கரையில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் யாத்திரைக் குழுவின் சமையல்காரர் யாக் முதுகில் எதை விட்டாலும் குக்கரை விடமாட்டார். திறந்த பானையில் கொதிக்கக் கொதிக்க அரிசி நறுக்கரிசியாகவே நிற்கும். அழுத்தம் குறைந்த காற்றில் உடம்பு முதலில் செய்வது வேகமாக மூச்சு விடுவது. அப்படி விடும்போது கரியமிலவாயு கூடுதலாக வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைகிறது. உடனே மூளை மூச்சை அடக்கச் சொல்கிறது. டார்ச்சன் விடுதியில் ஐந்து கட்டில் போட்ட அறையில் நள்ளிரவில் விழித்துக்கொண்டு கவனித்தால் இது காதுக்கே கேட்கும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரின் மூச்சு மெல்ல மெல்லச் சிறுத்து, நின்று, பத்து விநாடி நிசப்தமாகி, பிறகு முங்கி எழுந்தவர் போலப் பெருமூச்சோடு திரும்ப வரும். இந்த முடிச்சை அவிழ்ப்பது சிறுநீரகம். கூடுதல் காரத்தை அது சிறுநீரில் கழித்துத் தள்ளுகிறது. அந்த வேலைக்கு நாட்கள் பிடிக்கும். சிபாரிசுக்கோ துட்டுக்கோ வேகம் கூட்டாத அலுவலகம் அது ஒன்றுதான்.

மலைநோயை ஆராய்ந்த மருத்துவர்கள் இதிலிருந்து எடுத்த வழிகாட்டுதல் எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இன்று தூங்கும் உயரம் நேற்றுத் தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் சரி, இரவில் எங்கே படுக்கிறோம் என்பதே கணக்கு. இந்தக் கணக்குப்படி 3,000 மீட்டரிலிருந்து மானசரோவரக் கரைக்குப் போய்ச் சேர இடையில் குறைந்தது நான்கு இரவுகள் தேவை. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பயண விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள்.

காத்மாண்டுவிலிருந்து சாலைவழிப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். காத்மாண்டு 1,400 மீட்டர். எல்லை தாண்டியதும் கேருங், சுமார் 2,800. அடுத்த தங்கல் சாகா, 4,500. கேருங்கில் இரண்டு இரவு தங்கவைத்தாலும், அங்கிருந்து ஒரே பகலில், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, 1,700 மீட்டர் மேலே போய்ப் படுக்கிறோம். ஹெலிகாப்டர் வழி இன்னும் சுருக்கம். நேபாள்கஞ்ச் 150 மீட்டர், சிமிகோட் 2,900, ஹில்சா 3,640, புராங் 3,900, பிறகு ஏரி. சமவெளியின் புழுக்கத்திலிருந்து நான்கைந்து நாளில் மானசரோவரம். நடை இல்லை, களைப்பு இல்லை, வயதானவர்களுக்கு வசதி என்று இதைத்தான் அதிகம் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. வயதானவருக்கு மிச்சமாவது நடை; பறிபோவது, அந்த நடையோடு சேர்ந்து சும்மா கிடைத்துக்கொண்டிருந்த இரவுகள்.

பழைய லிபுலேக் பாதை இதற்கு நேர்மாறு. 1981இல் இந்திய அரசு யாத்திரையைத் திரும்பத் தொடங்கியபோது அது முழுக்க நடைப்பாதை. 900 மீட்டரில் இருக்கும் தார்ச்சூலாவிலிருந்து கிளம்பி, காளி ஆற்றோரமாக நாளுக்கொரு முகாமாக ஏறி, 3,200 மீட்டருக்கு மேலுள்ள குஞ்சியில் கூடுதலாகத் தங்கி, அங்கே மறுபடியும் மருத்துவப் பரிசோதனை முடித்து, அதன் பிறகே 5,100 மீட்டர் கணவாயைத் தாண்டி, தாண்டிய கையோடு 3,900 மீட்டரில் உள்ள தக்லாகோட்டுக்கு, அதாவது புராங்குக்கு, இறங்கிப் படுப்பார்கள். உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வில் தூங்கு என்று மலையேறிகள் சொல்வதை அந்தப் பாதை யாரும் சொல்லாமலே செய்துவந்தது. பழமையைப் போற்ற வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே பாதையில்தான் 1998 ஆகஸ்டில் மால்பா நிலச்சரிவு ஏற்பட்டு யாத்ரிகர்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2020இல் திறந்த சாலை அந்த ஆபத்தை ஓரளவு குறைத்திருக்கலாம். ஆனால் சாலை வந்த பிறகு, முன்பு கால்கள் தாமாகக் கொடுத்த இரவுகளை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2025இல் அரசு யாத்திரை மீண்டும் நடந்தபோது லிபுலேக் வழிக்கும் சிக்கிமின் நாதுலா வழிக்கும் மூன்று வாரம் வகுத்திருந்தார்கள். எல்லையைத் தாண்டும் முன்பே உடம்பைப் பழக்கும் தங்கல்களும் உண்டு. சர்க்கார் காரியம் இழுவை என்று அலுத்துக்கொள்கிறோமே, இந்த ஓர் இடத்தில் அந்த இழுவைதான் வைத்தியம்.

இதெல்லாம் பலவீனமானவர்களுக்கு, எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். 1962 போருக்குப் பின் இந்தியப் படைவீரர்கள் இமயமலை முனைகளில் பெருமளவில் இறக்கப்பட்டார்கள். அங்கே மலைநோய்க்கு ஆளான 1,925 வீரர்களை இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடன்பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள். மலைநோய் ஆய்வில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. அந்த நோயாளிகள் உடற்தகுதித் தேர்வில் தேறிய படைவீரர்கள் என்பதை மறக்கக்கூடாது. வலுவான நுரையீரல் வேகமாக ஏறவைக்கும்; வேகமாக ஏறுவதே நோய்க்கு வழி. ஜிம்முக்குப் போய்த் தயாராகிறவர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. இன்னொரு சான்று நமக்கு மேலும் நெருக்கமானது. நஞ்சுண்ட சிவபெருமான் தாகம் தீர்க்கத் திரிசூலத்தால் குத்தி உண்டாக்கியது என்று நேபாளிகள் நம்பும் கோசாயின்குண்டம் 4,300 மீட்டருக்கு மேலுள்ள புனித ஏரி. ஆவணி அவிட்டப் பௌர்ணமியன்று அங்கே கூட்டம் அலைமோதும். அடிவாரத்திலிருந்து ஒன்றிரண்டு நாளில் ஏறி வந்துவிடுவார்கள். அந்த யாத்ரிகர்களைப் பரிசோதித்து நேபாள மருத்துவர் புத்த பாஸ்ன்யாத் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமானவர்களுக்கு மலைநோய் இருந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது மூளைவீக்கம் வரை போயிருந்தது. பொழுதுபோக்குக்காக மலையேறும் வெளிநாட்டுக்காரர்களிடம் அந்த அளவுக்கு மூளைவீக்கம் காண்பது அரிது. பக்தர் ஏன் அதிகம் விழுகிறார்? திதி தவறக்கூடாது என்று ஓடுகிறார், உபவாசம் இருக்கிறார், விடியலுக்கு முன் குளிர்ந்த நீரில் முழுகுகிறார், தலைவலியைச் சொன்னால் பாதியில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மறைக்கிறார். மானசரோவரத்திலும் பிரம்ம முகூர்த்தத்தில் தேவர்கள் ஒளியாக இறங்குவதைக் காண, உடம்புக்கு மிக அவசியமான அந்த இரவுத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கரையில் உட்காருகிறார்கள். ஏரிக்குள் இறங்கிக் குளிக்க இப்போது அனுமதிப்பதில்லை, வாளியில் மொண்டுதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். இந்தத் தடையைப் பற்றிப் பலருக்கு மனக்குறை. மருத்துவர்களுக்கு இருக்காது.

கோசாயின்குண்டத்துக்கும் கயிலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே தலை சுற்றினால் சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடலாம். திபெத் மலைச்சரிவு அன்று, மேட்டுச் சமவெளி. 4,500 மீட்டரில் விரித்த பாய் போலக் கிடக்கும் அந்த நிலத்தில் நூறு கிலோமீட்டர் காரில் போனாலும் அதே உயரத்திலேயே இருப்போம். மலைநோய்க்கு முதல் மருந்து இறங்குவது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. டார்ச்சனில் நிற்பவருக்கு, கொஞ்சமாவது தாழ்ந்த ஊர் நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள புராங்தான், அதுவும் 3,900. கீழே என்று ஓர் இடமே இல்லாத ஊரில் நோய் வராமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

மாத்திரை இருக்கிறதே, ஆக்சிஜன் இருக்கிறதே என்பார்கள். டயமாக்ஸ் உண்மையில் நல்ல மருந்து. சிறுநீரகம் காரத்தைக் கழிக்கும் அந்த வேலையைத்தான் அது துரிதப்படுத்துகிறது. விரல் நுனி மரத்துப்போகும், சோடா சப்பென்றிருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆனால் அது இரவுகளுக்குத் துணை, மாற்று அல்ல. மாத்திரை போட்டுக்கொண்டே தலைவலியோடு மேலே ஏறுகிறவர், பிரேக் பிடிக்காத வண்டிக்கு ஹாரன் மாற்றியவர். கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்கு வரும், மனத்தைரியத்துக்கு உதவும். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் எண் பார்ப்பது இப்போது புதுவித ஜபமாகியிருக்கிறது. குளிர்ந்த விரலில் அந்த எண்ணை நம்பவும் முடியாது. அதைவிட நம்பகமான பரிசோதனை ஒன்று நம் பாட்டிமார் தினமும் செய்துகொண்டிருந்ததுதான்: அடிப்பிரதட்சிணம். முன்னங்காலின் குதிகாலைப் பின்னங்காலின் பெருவிரல் தொடும்படி, நேர்கோட்டில், அடிக்கு அடி ஒட்டிவைத்து நடக்கச் சொல்லுங்கள். மூளைவீக்கம் தொடங்கியவருக்கு அது முடியாது. குடித்தவர் போலத் தள்ளாடுவார். மலை மருத்துவர்கள் உலகம் முழுவதும் இதைத்தான் செய்துபார்க்கிறார்கள். திராபுக்கில் இரவு உணவுக்குமுன் குழுவில் எல்லாரும் பத்தடி அடிப்பிரதட்சிணம் வந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் மறுநாள் கணவாய்க்கு யார் போகக்கூடாது என்பது தெரிந்துவிடும்.

அடுத்த ஆட்சேபம் கனமானது, அதைச் சிரித்துத் தள்ள முடியாது. இது சுற்றுலா அன்று, யாத்திரை; உடம்பைக் கணக்குப் பார்ப்பவன் யாத்ரிகன் ஆவானா என்பது. இதற்குச் சான்றாக அப்பரைக் காட்டுவார்கள். பெரியபுராணம் சொல்லும் கதை நமக்குத் தெரிந்ததே. கால் தேய்ந்தது, கையால் தாவினார், மார்பால் ஊர்ந்தார், உருண்டார். திரும்பிப் போ என்று முனிவராக வந்தவர் சொன்னபோது, இறைவனைக் காணாமல் இந்த உடலோடு மீளமாட்டேன் என்றார். பேச்சாளர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டல் வாங்கிவிடுவார்கள். கதை அங்கே நிற்கவில்லை. இறைவன் அந்தச் சபதத்தை ஏற்கவில்லை. உடம்பைச் சீராக்கி, ஒரு தடாகத்தில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழவைத்து, கயிலைக் காட்சியை அங்கேயே காட்டினார். ஆடி அமாவாசைதோறும் திருவையாறு கொண்டாடுவது கயிலை மலையை எட்டாமல் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை. சம்பந்தரோ காளத்தியில் இருந்தபடியே கயிலையைப் பாடிவிட்டார். தமிழ்ச் சைவத்தின் பெரிய முன்னோடிகளுக்கே திரும்பி வருவது இழுக்காகவில்லை என்றால், டோல்மா லாவின் அடியில் தலைசுற்றலோடு நிற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது ஏன் இழுக்காக வேண்டும்? பரிக்ரமா 52 கிலோமீட்டர், மூன்று நாள். அதில் இரண்டாம் நாள் மட்டுமே கொடியது: இருட்டில் கிளம்பி, கணவாயேறி, கௌரி குண்டத்தைக் கடந்து, சுமார் 22 கிலோமீட்டர். முதல் நாளோடு நிறுத்தித் திராபுக்கில் வடக்கு முகத்தைத் தரிசித்துத் திரும்புவதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு எந்தச் சாத்திரமும் தென்படவில்லை.

2026 திபெத்தியருக்குக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் ஒரு சுற்று பதின்மூன்று சுற்றுக்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஊர் விளம்பரங்களும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. போதாததற்குப் பௌர்ணமி பேட்ச் என்று தனிக் கட்டணம் வேறு. பதின்மூன்று மடங்கு புண்ணியத்துக்கு ஆசைப்படுவதைக் குறை சொல்லவில்லை. நாளைப் பிடிக்க இரவைக் குறைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனி உண்மையான இடைஞ்சலுக்கு வருவோம். பன்னிரண்டு நாளுக்குமேல் லீவு கிடைக்காது, கூடுதலாக ஒவ்வோர் இரவும் காசு. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நடுத்தரக் குடும்பத்தவருக்கு ஒரு வாரம் கூடுதல் என்பது சிறிய விஷயம் அன்று. ஆனால் இரவுகளை வாங்க மலிவான இடம் திபெத்துக்கு வெளியே இருக்கிறது. முக்திநாத் சுமார் 3,700 மீட்டர். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமத் திவ்யதேசமாகவே அது தமிழருக்குப் பழக்கம், ஜீப் போகிறது. கயிலை முடித்துத் திரும்பும்போது ஒரு பகலில் எட்டிப்பார்த்துவிட்டு வருகிறார்கள். அதை முன்னால் வைத்து, ஜோம்சோமில் ஒன்று, கோயிலுக்குக் கீழுள்ள ராணிபவ்வாவில் இரண்டு மூன்று என்று இரவுகளைக் கழித்தால் அந்தப் பழக்கம் காத்மாண்டு வந்து எல்லை தாண்டும்வரை ஓரளவு உடம்பில் நிற்கும். நடக்கத் தெம்புள்ளவர்களுக்குக் கேருங் சாலையிலேயே உள்ள ஸ்யாப்ருபேசியிலிருந்து லாங்டாங் பள்ளத்தாக்கு. 3,800 மீட்டருக்கு மேலுள்ள கியாஞ்சின் கோம்பா வரை போய் வரலாம். லாசா வழியும் படிப்படியானதே: லாசா 3,650, ஷிகாட்சே 3,840, பிறகு மேற்கே. விமானத்தில் இறங்கும் முதல் இரண்டு நாள் சிரமம், செலவும் அதிகம். எதுவும் இயலாதென்றால் பரிக்ரமாவை விட்டு ஏரியோடும் நடை தொடங்கும் எமதுவாரத்தோடும் முடித்துக்கொள்வது நேர்மையான திட்டம். ஒன்றிரண்டு உபரி நாளும் கட்டாயம் வேண்டும். 2018 ஜூலையில் மோசமான வானிலையால் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்ரிகர்கள் சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் கேருங் வழியில் உள்ள ரசுவாகடி எல்லைப் பாலத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

கயிலையில் உயிர் போனால் மோட்சம்தானே என்று கடைசியாக ஒரு குரல் எழும். போகிறவருக்கு இருக்கலாம். நேபாள வழியில் போகும் குழுவுக்குச் சீன விசா தனித்தனிப் பாஸ்போர்ட்டில் குத்துவதில்லை. எல்லாப் பெயரையும் ஒரே தாளில் அடித்துத் தருவார்கள். அந்தத் தாளிலிருந்து ஒருவரைப் பிரித்து முன்கூட்டியே அனுப்ப அனுமதி வாங்க வேண்டும். வண்டியும் துணையும் வேண்டும். ஒருவர் மறைத்த தலைவலி இருபது பேரின் தாளில் கை வைக்கிறது. எனவே கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் கேளுங்கள்: குழுவைப் பிரிக்க நேர்ந்தால் யார் மனுப் போடுவார், வண்டி எங்கே நிற்கும், நோயாளியை உள்ளே படுக்கவைக்கும் காற்றழுத்தப் பை கொண்டுவருகிறீர்களா, பரிக்ரமா வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? டெல்லியிலும் குஞ்சியிலும் அரசு மருத்துவர்கள் அந்த அதிகாரத்தோடு இருக்கிறார்கள், அதற்காக ஏச்சும் வாங்குகிறார்கள். தனியார் பயணத்தில் அது பெரும்பாலும் எவரிடமும் இல்லை. கணவனும் மனைவியுமாகப் போகிறவர்கள் இன்னும் ஒன்றை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும்: ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் கூடவே இறங்குவதா, அல்லது துணைக்கு ஆளை விட்டுவிட்டுத் தொடர்ந்து நடப்பதா. 4,900 மீட்டரில், அரைத் தூக்கத்தில், இருட்டில் கிளம்ப வேண்டிய விடியலில் அந்தப் பேச்சு சண்டையாகத்தான் முடியும். இரண்டு வரியில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.